அடியில் ஒரு சிட்டிகை

அத்தியாயம் பதினான்கு

இன்னும் ஐம்பத்திரண்டு மணி நேரம் இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணி. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, விமான நிலையத்துக்குப் போகும் வேன் டுரியான் துங்கால் ஆய்வுக்கூடத்தின் வாசலில் வந்து நிற்கும். அதற்குள் செரிண்டிட் சோதனையில் தேறி, பெட்டிக்குள் போயிருக்க வேண்டும். தேறாவிட்டால் அதன் இடத்தில் வேறொன்று ஏறிப் போகும்.

செரிண்டிட் என்றால் மலாயில் சின்னப் பச்சைக்கிளி. பதின்மூன்று பேர் நான்கு வருடம் உட்கார்ந்து செய்த செயற்கைக்கோள் அது. இரண்டு உள்ளங்கைகளைச் சேர்த்தால் அதற்குள் அடங்கிவிடும். அந்தப் பதின்மூன்று பேரில் ஒருத்தி நிர்மலாதேவி. அவள் வீட்டில் அதற்கு இரண்டு பெயர்கள். அம்மா பவானேஸ்வரிக்கு அது கிளி. அப்பா கணேஸ்வரனுக்கு டப்பா.

தொடர்ந்து படித்து வருகிறவர்களுக்கு நினைவிருக்கும். சித்திரை மாதம் சிங்கப்பூர் கம்பெனி ஒன்று வேலைக்குக் கூப்பிட்டபோது நிர்மலாதேவி போகவில்லை. அன்றிலிருந்து அப்பா அவளோடு நேராகப் பேசுவதில்லை. நான்கு மாதமாகிறது. சொல்ல வேண்டியதை அம்மாவிடம் சொல்வார், சுவரிடம் சொல்வார், சில நேரம் பூனையிடமும் சொல்வார்.

நேற்று மாலை நடந்ததுதான் புதிது. கடைசிப் பரிசோதனையில் விளக்கைச் சாய்த்துப் பிடித்தபோது, செரிண்டிட்டின் அடித்தகட்டில், மூலைப் பள்ளத்துக்குள், வெளிறிய சாம்பல் நிறத்தில் ஏதோ தூள் தெரிந்தது. எங்கிருந்து வந்தது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. சுத்தத்துக்குப் பொறுப்பு நிர்மலாதேவி. அந்த நிறத்தைப் பார்த்ததும் அவளுக்கு ஒன்று தோன்றியது. யாரிடமும் சொல்லாமல் ரெம்பியாவில் இருந்த வீட்டுக்கு வந்து, படுத்து, தூங்காமல் எழுந்தாள்.

சமையலறையில் அம்மா தோசை வார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியில் மூன்று விரல் திருநீறு.

"அம்மா, ஓப்பன் டே அன்னிக்கு கிளி மேல ஏதாச்சும் வச்சீங்களா?"

"என்னா வச்சேன்?"

"திருநீறு, குங்குமம். எதாச்சும்."

பவானேஸ்வரி தோசைக்கரண்டியைக் கீழே வைத்தார்.

"நீதானே உள்ள தும்மக்கூடாதுன்னு சொன்ன. மூக்கப் புடிச்சிக்கிட்டே நின்னேன். முடியல. நீயே கையப் புடிச்சி வெளிய இழுத்துக்கிட்டுப் போயிட்ட. அத்தன தூரம் வந்து நான் கிளியோட மூஞ்சியக்கூட சரியா பாக்கல. இதுல வச்சேனாம்."

அது உண்மைதான். குடும்பத்தார் பார்ப்பதற்கென்று ஒருநாள் வைத்திருந்தார்கள். வெள்ளை அங்கி, முடிக்கவசம், கையுறை எல்லாம் மாட்டி, செரிண்டிட் இருந்த தூசி புகாத கூடாரத்துக்குள் ஒவ்வொரு குடும்பமாக விட்டார்கள். தும்மல் வந்துவிட்டால் அத்தனை நாள் சுத்தமும் போய்விடும் என்று நிர்மலாதேவிதான் அம்மாவை வெளியே கூட்டிப்போனாள். மன்னிப்புக் கேட்பதுபோல் இன்னொரு தோசை கேட்டாள். அம்மா கோபம் குறையாமலே தட்டில் போட்டார், பசியாறிவிட்டுப் போ என்றார்.

வாசலில் ஹாரன் கேட்டது. அவளுடைய கார் ஒரு வாரமாக அலோர் காஜா பட்டறையில் கிடக்கிறது. அதனால் அப்பா ஓட்டுகிற ஃபேக்டரி பஸ்தான் அவளுக்கும் வண்டி. ஆயர் குரோவுக்கு ஆட்களை ஏற்றிப் போகிற வழியில் டுரியான் துங்காலில் இறங்கிக்கொள்வாள்.

"வண்டி சூடாயிருச்சி. வரச் சொல்லு," என்று வெளியிலிருந்து அம்மாவிடம் சொன்னார் அப்பா.

புது பஸ். நேற்று மாலைதான் பஸ் முதலாளி, சீனத் தவுக்கே, சாவியைக் கொடுத்திருந்தார். மாலை, எலுமிச்சம்பழம், சாமி படம், ஸ்டிக்கர் ஒன்றும் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லித்தான் கொடுத்தாராம். வாடகைக்கு விடுகிற வண்டி, எல்லாரும் ஏறுகிற வண்டி. அப்பா சரி என்று தலையாட்டியிருக்கிறார்.

நிர்மலாதேவி முன்சீட்டில் உட்கார்ந்து கைப்பேசியைப் பார்த்தாள். கிஷன் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து செய்தி போட்டிருந்தான். டப்பா கிளம்பிருச்சா, இல்ல இன்னும் துடைச்சிக்கிட்டு இருக்கியா. சிரிப்பு வரவில்லை. தலையைத் தூக்கியபோதுதான் அதைப் பார்த்தாள்.

அப்பா சட்டைப்பையிலிருந்து நாள்காட்டித் தாளில் மடித்த பொட்டலத்தை எடுத்தார். கண்ணை மூடி, ஒரு சிட்டிகை திருநீறு எடுத்து, குனிந்து, ஸ்டியரிங்குக்கு அடியில் கைவிட்டு அழுத்தினார். விரலைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டார். நிமிர்ந்தபோது பஸ்ஸில் ஒரு அடையாளமும் இல்லை.

அவளுக்கு ஏழெட்டு வயதிருக்கும்போது, வேறொரு பஸ்ஸில் இதே இடத்தில் அவர் சொன்னது காதில் கேட்டது. பாக்குறவங்களுக்குத் தெரிய வேணாம் ஆயி, வண்டிக்குத் தெரிஞ்சா போதும்.

கூடாரத்துக்குள் அம்மாவைப் பிடித்துக்கொண்டு அவள் வெளியேறியபோது, செரிண்டிட்டின் பக்கத்தில் அப்பா ஒருவர்தான் நின்றார். கையைக் கட்டிக்கொண்டு, வேண்டாவெறுப்பாக வந்தவர்போல. ஒரு நிமிடம் இருக்கும். அதற்கு மேல் இல்லை.

*

வழியில் ஒரு நிறுத்தத்தில் சுப்பம்மா அக்கா ஏறினார். மின்னணுத் தொழிற்சாலையில் இருபது வருட சர்வீஸ். ஏறும்போதே பஸ் முழுக்க ஒரு சுற்று விசாரித்துவிட்டு முன்சீட்டுக்கு வந்தார்.

"அந்தப் புள்ளைக்கு எங்க நிப்பாட்டணும்னு கேளுங்க. கேட்லயா, ரோட்லயா," என்றார் அப்பா, ரோட்டைப் பார்த்துக்கொண்டே.

"கைய நீட்டுனா தொடுற தூரத்துல ஒக்காந்திருக்கு ஒங்க மக. நடுவுல நான் என்னா தபால்காரியா? சம்பளம் குடுப்பீங்களா?"

"கேளுங்கன்னா கேளுங்களேன் லா."

"கேட்லயாம்," என்றார் சுப்பம்மா, நிர்மலாதேவியைக் கேட்காமலே. பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள்.

பஸ் ஆய்வுக்கூடத்தின் வாசலில் நின்றது. புது வண்டி என்பதால் அப்பா இறங்கிப் பின்டயரைத் தட்டிப் பார்க்கப் போனார். நிர்மலாதேவியின் பையில் எப்போதும் பரிசோதனைக்கான பஞ்சுக்குச்சிகள் இருக்கும். ஒன்றை உருவி, ஸ்டியரிங்குக்கு அடியில் விட்டு, ஒரு முறை இழுத்து, சிறு பிளாஸ்டிக் உறையில் போட்டு மூடினாள். சுப்பம்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தார். என்ன ஏது என்று கேட்கவில்லை. அவர் கேட்காமல் விட்டது அநேகமாக அந்த வருடத்தில் அதுவே முதல் முறை.

நுண்ணோக்கியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க அதிக நேரம் ஆகவில்லை. செரிண்டிட்டிலிருந்து எடுத்த தூள். பஸ்ஸிலிருந்து எடுத்த தூள். அதே மங்கிய மணிகள், அதே உடைந்த ஓரங்கள், இடையிடையே அதே கரித்துகள்.

அவள் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

ஒரு பக்கம் பார்த்தால் இது நல்ல செய்தி. திருநீறு வெறும் சாம்பல். காய்ந்தது. எதையும் அரிக்காது. உள்ளேயிருந்து உதிர்ந்ததாக இருந்தால்தான் ஆபத்து. பேட்டரியைச் சுற்றி ஊற்றிய பசை பொடிந்திருந்தால் செரிண்டிட்டைப் பிரிக்க வேண்டும், பிரித்தால் வியாழக்கிழமை கிடையாது. சாம்பல் என்று தெரிந்துவிட்டால் துடைத்து, மறுபடி சோதித்து, அனுப்பிவிடலாம்.

ஆனால் சொல்ல வேண்டும். யார் வைத்தது என்றும் சொல்ல வேண்டும்.

*

குழுத் தலைவர் டாக்டர் ரொஸ்னா காலையிலேயே எல்லாரையும் கூட்டினார். ஐம்பதைத் தாண்டிய பெண். பேசும்போது குரலை உயர்த்த மாட்டார். இளவயதில் ஜப்பானில் இந்த வேலையைக் கற்றுக்கொண்டு, அங்கேயே தங்கச் சொன்னபோது திரும்பி வந்தவர். நான் ஒருத்தி கற்றுக்கொண்டால் அது என்னோடு போய்விடும் என்பது அவர் அடிக்கடி சொல்வது.

செரிண்டிட்டை விண்ணில் ஏவப்போகிற ஜப்பான்காரர்கள் மாலை மூன்றரை மணிக்குக் காணொளியில் வருவார்கள் என்றார். மூன்று கேள்விகள் கேட்பார்கள். அந்தத் தூள் என்ன. எங்கிருந்து வந்தது. எதுவரை பரவியிருக்கிறது. மூன்றுக்கும் பதில் இருந்தால் செரிண்டிட் போகும். ஒன்றுக்கு இல்லாவிட்டாலும் போகாது.

போகாவிட்டால் என்ன நடக்கும் என்பதை அவர் சொல்லவில்லை. கண்ணாடி அலமாரியை எல்லாருமே ஒருமுறை பார்த்தார்கள். அதற்குள் இன்னொரு செயற்கைக்கோள் இருந்தது. ஐரோப்பாவிலிருந்து பெட்டியோடு வாங்கியது, பழகிப் பார்ப்பதற்காக. அப்படியே ஏற்றிவிடலாம். மேலே நம் கொடியை ஒட்டினால் போதும். வாங்குவதை விட்டுவிட்டு ஏன் செய்துகொண்டு கிடக்கிறீர்கள் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்கிற மேலதிகாரி ஒருவர் இருந்தார். அவருக்கு இந்த வியாழக்கிழமை ஒன்றே போதும். அடுத்த செயற்கைக்கோள் என்ற பேச்சே இருக்காது.

அடுத்ததற்கு நிர்மலாதேவிதான் தலைமை என்று டாக்டர் போன வாரம்தான் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். வீட்டில் அவள் இன்னும் சொல்லவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு ஃபாரா அவளிடம் வந்தாள். மெர்லிமாவ் பெண், குழுவிலேயே சின்னவள். பேட்டரியைச் சுற்றிப் பசை ஊற்றியது அவள்தான். எப்படி ஊற்றுவது என்று இந்த நாட்டில் சொல்லித்தர ஆளில்லாமல் ஆறு முறை கெடுத்து, ஏழாவது முறை சரியாகச் செய்தவள். கண் சிவந்திருந்தது.

அது என் பசைதான் என்று நினைக்கிறேன் அக்கா, என்றாள் மலாயில். அதிர்வுச் சோதனையில் பொடிந்திருக்கும். மாலையில் நானே சொல்லிவிடுகிறேன்.

"உன்னுடையது இல்லை," என்றாள் நிர்மலாதேவி.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

 நிர்மலாதேவி முகத்தைத் திருப்பிக்கொண்டு செரிண்டிட்டின் பக்கம் போனாள்.

மறுபடி எல்லாப் பக்கத்தையும் பார்த்தாள். அடித்தகட்டில் தூள் இருக்கிறது. பக்கவாட்டில் இல்லை. சூரியத்தகடுகளில் இல்லை. கேமராவின் மேல் சிவப்பு மூடி இருந்தது. ஓப்பன் டேக்கு மறுநாள், அதிர்வுச் சோதனைக்குக் கொண்டுபோவதற்கு முன், அந்த மூடியைச் சுற்றி நாடா ஒட்டியது அவள்தான். அதை இனி ஜப்பானில்தான் கழற்றுவார்கள், கடைசி நேரத்தில். நாடா பிசகாமல் இருந்தது. அடியில் மட்டும்தான் என்று மனதுக்குள் முடித்துக்கொண்டாள்.

அப்பாவின் பெயரைச் சொன்னால் என்னவாகும் என்று யோசித்தாள். அறிக்கை எழுதுவார்கள். பெயர், உறவு, செய்த காரியம். அது ஜப்பானுக்குப் போகும், மேலதிகாரியிடம் போகும், அங்கிருந்து யாராவது ஒருவருடைய கைப்பேசிக்குப் போகும். அதன் பிறகு ஊர் முழுக்கச் சிரிக்கும். செயற்கைக்கோளுக்குத் திருநீறு பூசிய பஸ் டிரைவர். ரெம்பியா கோப்பிக்கடையில் அவர் உட்கார்ந்து பத்திரிகை படிக்கிற நாற்காலி அவள் கண்ணுக்கு வந்தது.

தன் கையிலிருந்து விழுந்தது என்று சொல்லிவிட்டால்? கோயிலுக்குப் போய்வந்த கையோடு கையுறை மாட்டிவிட்டேன் என்றால்? சுத்தத்துக்குப் பொறுப்பானவளே அசுத்தம் செய்தாள் என்று ஆகும். அடுத்த செயற்கைக்கோளில் அவள் பெயர் இருக்காது. ஆனால் செரிண்டிட் போகும். ஃபாரா அழ வேண்டாம். அப்பா கோப்பிக்கடைக்குப் போகலாம்.

கணக்கு சரியாகத்தான் வந்தது.

மதியம் அம்மா கூப்பிட்டார். சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு, கிளி எப்படி இருக்கிறது என்றார்.

"போகாது போலம்மா."

அந்தப் பக்கம் அம்மா அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. காலையில் கேட்ட கேள்வியை நினைத்துப் பார்க்கிறார் என்று தெரிந்தது. வீட்டில் திருநீறு வைக்கிற கைகள் எத்தனை என்று அவருக்குத் தெரியாதா.

"அப்பாகிட்ட சொல்லட்டுமா?"

"வேணாம்மா."

வேண்டாம் என்று சொன்ன எதைத்தான் அம்மா செய்யாமல் விட்டிருக்கிறார்.

*

மூன்றரை ஆகப் பத்து நிமிடம் இருந்தபோது வாசலில் பெரிய வண்டி நிற்கும் சத்தம் கேட்டது. நிர்மலாதேவி கவனிக்கவில்லை. டாக்டர் ரொஸ்னாவின் அறைக்குள் போய்க் கதவைப் பாதி சாத்தினாள். ஜப்பான்காரர்கள் திரையில் வருவதற்கு முன் சொல்லிவிட வேண்டும். மலாயில் சொல்ல வேண்டிய வாக்கியத்தைக் காலையிலிருந்து எத்தனையோ முறை சொல்லிப் பார்த்திருந்தாள்.

"டாக்டர், அந்தத் தூள் என்னவென்று எனக்குத் தெரியும். திருநீறு. கோயில் சாம்பல். என் கையிலிருந்து பட்டது."

டாக்டர் ரொஸ்னா பேனாவை மூடினார். திட்டவில்லை. அவளையே பார்த்தார்.

"உன் கையிலிருந்தா?"

"ஆமாம்."

"நீ கைகழுவுவதைப் பார்த்து மற்றவர்கள் கேலி செய்வார்கள். உன் கையிலிருந்தா?"

 நுண்ணோக்கியில் எடுத்த இரண்டு படங்களையும் மேசைமேல் வைத்தாள். டாக்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். பசை இல்லை என்று தெரிந்ததும் அவருடைய தோள் சற்றுத் தளர்ந்தது.

"இரண்டு கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. மூன்றாவது? எதுவரை பரவியிருக்கிறது?"

"அடியில் மட்டும்தான் டாக்டர்."

"உறுதியாகத் தெரியுமா? மேலே கொண்டுபோன பிறகு துடைக்க ஆள் கிடையாது."

"தெரியும். அடியில் மட்டும்தான்."

கதவுக்கு வெளியே யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

அப்பா நின்றுகொண்டிருந்தார். டிரைவர் சட்டை, கையில் பஸ் சாவி. சப்பாத்தைக் கழற்றி வாசலிலேயே விட்டுவிட்டு, வெறும் காலுறையோடு வந்திருந்தார். அவருக்குப் பின்னால், ஜன்னல் வழியாக, கேட்டில் நின்ற புது பஸ் தெரிந்தது. ஆயர் குரோவில் வேலை முடித்த ஆட்கள் அத்தனை பேரும் அதில் உட்கார்ந்திருந்தார்கள். சுப்பம்மா அக்கா பாதி உடம்பை வெளியே நீட்டியிருந்தார். இருபத்தாறு வருடத்தில் அப்பா ஆட்களை வண்டியில் வைத்துக்கொண்டு வழியில் நிறுத்தியதில்லை.

எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. மலாய் அவருக்கு நன்றாகத் தெரியும். எல்லாம் கேட்டிருக்க வேண்டும்.

டாக்டரைப் பார்த்து லேசாகக் குனிந்தார். இந்தப் பிள்ளையின் தகப்பன் என்று சொல்லிக்கொண்டார். என் மகள் சொன்னது பொய் என்றார். வைத்தது நான். எந்த வண்டி புதிதாகக் கைக்கு வந்தாலும் வைப்பேன். இதுவும் தூரம் போகிற வண்டிதானே என்று வைத்தேன். எதையும் தொடக்கூடாது என்று கூடாரத்தில் எழுதிப் போட்டிருந்ததையும் படித்தேன். இவ்வளவையும் மலாயில், ரோட்டில் நிறுத்திய போலீஸ்காரரிடம் பேசுவதுபோல், ஒரே குரலில் சொன்னார்.

நிர்மலாதேவி குறுக்கே வந்தாள். "அப்பா, போதும். எடம் தெரியும். அடியில இருக்கிறத நான் தொடச்சிருவேன். நீங்க வண்டிக்குப் போங்க."

அவர் போகவில்லை. சாவியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். கண்ணாடிச் சுவருக்கு அப்பால், விளக்கின் கீழ், மேசைமேல் இருந்த செரிண்டிட்டைப் பார்த்தார். அதன் சிவப்பு மூடியைப் பார்த்தார். பிறகு அவள் பக்கம் திரும்பினார். சுவர் பக்கமோ சுப்பம்மா பக்கமோ இல்லை, அவள் பக்கம்.

"தேவி," என்றார்.

நான்கு மாதத்துக்குப் பிறகு அந்தக் குரலில் தன் பெயரைக் கேட்டாள்.

"அடியில மட்டும் இல்ல. அந்தச் செகப்பு மூடியத் தூக்கிப் பாத்தேன். உள்ள கண்ணு மாதிரி இருந்துச்சி. கண்ணுக்கு மேலயும் வச்சேன்."